கூத்துக் கசெற்றுகளைக் கணினியில் ஏற்றுவதற்கு எச் 610 மதர்போட் போதுமா, பி 760 வேண்டுமா?

முள்ளியவளையான் எழுதியது:

உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் வீட்டில் அப்பா சேர்த்துவைத்த முல்லைமோடிக் (முல்லைத்தீவுப் பாணி) கோவலன் கூத்துக் கசெற்றுகள் நாற்பது இருக்கின்றன. இடப்பெயர்வுக்கு முன்னரே வவுனியாவில் இருந்த மாமி வீட்டில் கொடுத்துவைத்ததால் அவை தப்பின. அவற்றிற் சில 1990களில், வன்னியில் மின்சாரமே இல்லாத நாட்களில், சைக்கிளைக் கவிழ்த்துவைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, அந்த டைனமோவில் ஓடிய றெக்கோடரில் பதியப்பட்டவை. இவற்றைக் கணினியில் ஏற்றிப் பாதுகாக்க வேண்டும். அத்துடன், எழுபது வயதைத் தாண்டிவிட்ட எங்கள் ஊர் அண்ணாவியார் (கூத்துப் பழக்குபவர்) ஒருவரை மத்தளத்துடனும் சல்லரியுடனும் (வெண்கலத் தாளம்) பாடவைத்துப் புதிதாகப் பதியவும் விரும்புகிறேன். மகன் உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவில் படிப்பதால் அவனுக்கும் இதே கணினிதான்.

வவுனியாவில் ஒரு கடையில் இரண்டு விலைப்பட்டியல்கள் தந்தார்கள். இரண்டிலும் இன்டெல் ஐ5 12400 புரொசஸர், 16 ஜி.பி. டி.டி.ஆர். 4 ரேம். ஒன்றில் எச் 610 சிப்செட் (பாகங்களைப் புரொசஸரோடு இணைக்கும் சிப்) உள்ள மதர்போட், ஒலிக்கு ரியல்டெக் ஏ.எல்.சி. 897. மற்றதில் பி 760 மதர்போட், அதன் ஒலிச் சிப் ஏ.எல்.சி. 1220 என்கிறார்கள். இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் ஏறத்தாழ ஒரு நல்ல மைக்கின் விலை. “சிப்செட் உயர்ந்தால் சத்தமும் உயரும்” என்று கடைக்காரர் சொன்னார். இது உண்மையா? அந்தப் பணத்தை மதர்போட்டில் போடுவதா, வேறு எதிலாவது போடுவதா என்று தெரிந்தவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.


பரந்தன் சந்தி எழுதியது:

வணக்கம். கடைக்காரர் சொன்னது இரண்டு வேறு விடயங்களை ஒன்றாகப் போட்டுக் குழைத்தது. நான் பல ஆண்டுகளாகக் கணினி திருத்தும் வேலையில் இருப்பவன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

சிப்செட்டுக்குள் ஒலிக்கென்று இருப்பது ஒரு கட்டுப்படுத்தி மட்டுமே. 2004 இல் இன்டெல் கொண்டுவந்த எச்.டி. ஓடியோ என்ற முறைப்படி அது ஒலியை எண்களாக வாங்கி எண்களாகவே கொடுக்கிறது. எச் 610 இலும் பி 760 இலும், இவற்றைவிட விலை கூடிய இசட் 790 இலும் இந்த வேலை ஒன்றுதான். கசெற்றிலிருந்து வரும் மின்னலையை எண்ணாக மாற்றுவதும், எண்ணை மீண்டும் மின்னலையாக்கி ஹெட்போனுக்குக் கொடுப்பதும் மதர்போட்டின் ஓரத்தில், ஒலித் துளைகளுக்கு அருகில், தனியாக ஒட்டப்பட்டிருக்கும் கோடெக் என்ற சிறிய சதுரச் சிப்பின் வேலை. நண்டுச் சின்னம் போட்ட ரியல்டெக் சிப் என்றால் பலருக்கும் தெரியும். ஆகவே சத்தத்தின் தரத்தைப் பற்றிக் கேட்பதானால் கோடெக் எது, அதைச் சுற்றி மதர்போட்டை எவ்வளவு கவனமாக அமைத்திருக்கிறார்கள், எத்தனை துளைகள் கொடுத்திருக்கிறார்கள் என்று கேட்க வேண்டும்.

அப்படியானால் சிப்செட் எதற்கு? எதையெதை எத்தனை பொருத்தலாம் என்பதற்கு. எச் 610 இல் ரேம் இடங்கள் இரண்டுதான். வட்டு, காட் போன்றவற்றை இணைக்கச் சிப்செட்டிலிருந்து வரும் பி.சி.ஐ. பாதைகள் மூன்றாம் தலைமுறையோடு நின்றுவிடும். யூ.எஸ்.பி. துளைகளும் குறைவு. பி 760 இல் பெரும்பாலும் நான்கு ரேம் இடங்கள், புரொசஸருடன் நேரடியாக இணையும் நான்காம் தலைமுறை எம்.2 (வேக வட்டு) இடம், ரேமைக் குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டும் வசதி ஆகியவை கிடைக்கும். புரொசஸரையே வேகங்கூட்டி ஓட்டுவதற்கு இசட் வரிசை வேண்டும். ஆனால் உங்கள் புரொசஸரில் அதற்கு வழியே இல்லை, எனவே அதை மறந்துவிடலாம்.

இதை உங்கள் வேலையோடு வைத்துப் பாருங்கள். 48 கிலோஹேட்ஸ், 24 பிற், இரண்டு வாய்க்கால்கள் (ஸ்டீரியோ) என்று பதிந்தால் ஒரு விநாடிக்கு 2,88,000 பைற்றுகள். ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ ஒரு ஜி.பி. நாற்பது கசெற்றுகளும் அறுபது நிமிடக் கசெற்றுகள் என்றால் மொத்தமாக 42 ஜி.பி.க்குள் அடங்கிவிடும். நல்ல மூன்றாம் தலைமுறை எம்.2 வட்டு விநாடிக்கு மூவாயிரம் எம்.பி.க்கு மேல் எழுதக்கூடியது. ஒலிப்பதிவு கேட்பதோ ஒரு எம்.பி.யில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. வாய்க்காலில் தண்ணீர் விடுவதற்கு இரணைமடுக் குளத்தின் அத்தனை கதவுகளையும் திறக்க வேண்டியதில்லை.

கோடெக்குக்கு வருவோம். ஏ.எல்.சி. 1220 பொருத்திய மதர்போட்டுகளுக்கு, வெளியீட்டில் 120 டெசிபெல், உள்ளீட்டில் 113 டெசிபெல் என்று இரைச்சலுக்கும் ஒலிக்கும் இடையிலான தூரத்தை விளம்பரப்படுத்துவார்கள். ஏ.எல்.சி. 897 அந்தளவுக்கு வராது. ஆனால் சாதாரணக் கசெற் நாடாவே ஏறத்தாழ 50 முதல் 60 டெசிபெல் வரைதான் தாங்கும். அதன் சொந்த இரைச்சல், எந்தக் கோடெக்கின் இரைச்சலையும் மூடிவிடும். கசெற்றுக்கு 897 தாராளம்.

அண்ணாவியாரைப் புதிதாகப் பதிவது வேறு கதை. மதர்போட்டின் இளஞ்சிவப்பு மைக் துளை, சிறிய எலக்ரெற் மைக்குகளை எண்ணிச் செய்யப்பட்டது. கோவில் ஒலிபெருக்கிக்காரர்கள் பயன்படுத்துவது போன்ற டைனமிக் மைக் தரும் மின்னலை சில மில்லிவோல்ற் அளவே. அதை மதர்போட்டின் மைக் துளையில் கொடுத்துப் பெருக்கினால் பாட்டோடு சேர்ந்து “உஸ்” என்ற இரைச்சலும் பெருகும். கண்டென்சர் மைக் என்றாலோ அதற்கு 48 வோல்ற் மின் கொடுக்க வேண்டும். எந்த மதர்போட்டும் அதைக் கொடுக்காது. விளம்பரத்தில் வரும் 120 டெசிபெல்லுக்கும் மைக் துளைக்கும் தொடர்பில்லை. ஆகவே என் கருத்து: எச் 610 ஐ எடுங்கள், மிச்சப் பணத்தில் இரண்டு மைக் இணைக்கக்கூடிய யூ.எஸ்.பி. ஓடியோ இன்டர்பேஸ் (மைக் ஒலியை எண்ணாக்கிக் கணினிக்கு அனுப்பும் வெளிப் பெட்டி) ஒன்றை வாங்குங்கள். மத்தளத்துக்கு ஒன்று, அண்ணாவியாருக்கு ஒன்று.

வாங்கும் முன் மதர்போட்டின் பின்பக்கத்தைக் கட்டாயம் கண்ணால் பாருங்கள். அங்கே நீல நிறத் துளை இருக்க வேண்டும். அதுதான் லைன் இன். கசெற் பிளேயரை அதில்தான் கொடுக்க வேண்டும். இப்போது வரும் சில மதர்போட்டுகளில் பச்சையும் இளஞ்சிவப்பும் மட்டுமே இருக்கின்றன, நீலத்தைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டார்கள். விலை கூடிய மதர்போட்டுகளிலும் இதைக் கண்டிருக்கிறேன்.


கனகராயன்குளத்தான் எழுதியது:

பரந்தன் அண்ணா சொன்னவற்றை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் இன்டெல்லோடு மட்டும் நின்றுவிடாதீர்கள் என்று ஒரு சொல் சொல்ல வேண்டும்.

நீங்கள் வாங்கப்போகும் மதர்போட்டில் புரொசஸரைப் பொருத்தும் எல்.ஜி.ஏ. 1700 சொக்கெற்றின் பாதை முடிந்துவிட்டது. அது 14 ஆம் தலைமுறையோடு நின்றுவிட்டது. 2024 ஒக்ரோபரில் வந்த அடுத்த டெஸ்க்ரொப் வரிசைக்கு எல்.ஜி.ஏ. 1851 என்ற வேறு சொக்கெற். ஏ.எம்.டி.யின் ஏ.எம். 5 சொக்கெற்றோ 2022 இல் வந்தது, அதற்கு 2027 வரையாவது ஆதரவு தருவோம் என்று ஏ.எம்.டி. அறிவித்திருக்கிறது. மகன் பல்கலைக்கழகம் போகும் காலத்தில் புரொசஸரை மட்டும் மாற்றிக்கொள்ள நினைத்தால் ஏ 620 அல்லது பி 650 சிப்செட் உள்ள மதர்போட்டைப் பாருங்கள். ஏ 620 இல் புரொசஸரை வேகங்கூட்ட முடியாது, உங்களுக்கு அது தேவையுமில்லை. ஒரே குறை, ஏ.எம். 5 இல் டி.டி.ஆர். 5 ரேம் மட்டுமே ஓடும் என்பதால் ரேமுக்கு அதிக பணம் போகும்.

பழைய ஏ.எம். 4 மலிவாகக் கிடைக்கிறதே என்று பி 550, ஏ 520 பக்கம் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பி 550 இல் புரொசஸரிலிருந்து நான்காம் தலைமுறைப் பாதை கிடைக்கும், ஏ 520 இல் மூன்றாம் தலைமுறையோடு சரி. அதுவும் ரைசன் 5 5600ஜி போன்ற புரொசஸரைப் போட்டால் பி 550 இலும் மூன்றாம் தலைமுறைதான், ஏனென்றால் அந்தப் புரொசஸரே அவ்வளவுதான். பெட்டியின் மேல் எழுதியிருப்பதை மட்டும் நம்பி வாங்கி நானே ஒருமுறை ஏமாந்தேன்.

ஒலியைப் பொறுத்தவரை இங்கும் அதே கதைதான். மலிவான ஏ 620 களிலும் பி 650 களிலும் பெரும்பாலும் அதே 897 தான் இருக்கிறது.


ஒட்டுசுட்டான் ஆசிரியை எழுதியது:

வணக்கம். எனக்குச் சிப்செட்டைப் பற்றிச் சொல்ல அறிவு போதாது. ஆனால் பாடசாலைத் தமிழ்த்தின நிகழ்ச்சிகளுக்காக வீட்டுக் கணினியில் ஒலிப்பதிவு செய்து பட்ட பாட்டைச் சொன்னால் உங்களுக்குப் பயன்படும் என்று நினைக்கிறேன்.

என் கணினியில் பதிந்த எல்லாவற்றிலும் அடியில் “ம்ம்ம்” என்ற ஓர் உறுமல் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தது. மதர்போட்டின் ஒலிச் சிப் கூடாது என்று எல்லோரும் சொன்னார்கள். தனியாக ஒரு சவுண்ட் காட் வாங்கிப் போட்டேன், உறுமல் அப்படியே இருந்தது. கேபிளை மாற்றினேன், அப்படியே இருந்தது. ஒருநாள் வெறுங்காலுடன் நின்று கணினிப் பெட்டியின் பின்புறத் திருகாணியைத் தொட்டபோது விரல் நுனியில் எறும்பு ஊர்வதுபோல் ஒரு சுணைப்பு. அப்போதுதான் மின் வேலை செய்யும் எங்கள் மாமாவை அழைத்தேன். அவர் சுவர்ச் சொக்கெற்றைக் கழற்றிப் பார்த்தார். உள்ளே பச்சை வயர் எங்கும் இணைக்கப்படாமல், மடித்துப் பின்னால் செருகி விடப்பட்டிருந்தது. வெளியே பார்த்தால் அழகான மூன்று துளைச் சொக்கெற்! எர்த் இல்லாத இடத்தில், பவர் சப்ளைக்குள் இருக்கும் வடிகட்டிக் கொள்ளளவிகள் வழியாக 230 வோல்ற்றில் ஏறத்தாழப் பாதி பெட்டியின் உலோகத்தில் வந்து நிற்கும் என்று மாமா விளக்கினார். ஓட்டம் மிகச் சிறிது என்பதால் பெரிதாக அடிக்காது, ஆனால் அந்த 50 ஹேட்ஸ் மின்னலை ஒலிக் கேபிளின் கவசத்துக்குள் புகுந்துவிடும்.

வயரை இணைத்ததும் உறுமல் முக்கால்வாசி போய்விட்டது. மிச்சம், ஆவணி மாதத்து வறட்சியில் எர்த் கம்பியைச் சுற்றிய மண் பொருக்கு வெடித்துக் காய்ந்திருந்ததால் வந்தது. கிணற்றடித் தண்ணீர் ஓடும் ஈரமான இடத்தில் புதுக் கம்பி இறக்கிய பிறகு முழுதாக நின்றது. நான் வாங்கிய சவுண்ட் காட் இப்போது அலுமாரியில் இருக்கிறது.

நீங்கள் எதையும் வாங்கும் முன் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். யாரிடமாவது ஒரு மடிக்கணினியை இரவல் வாங்கி, கசெற் பிளேயரையும் மடிக்கணினியையும் பற்றறியில் மட்டும் ஓடவிட்டுச் சிறிது நேரம் பதியுங்கள். பிறகு இரண்டையும் சுவரில் செருகிப் பதியுங்கள். இரண்டாவதில் மட்டும் உறுமல் வந்தால் குற்றம் வீட்டு மின்னிணைப்பில் இருக்கிறது. உறுமலைப் போக்க எர்த் முனையை உடைத்துவிடும்படி சிலர் ஆலோசனை சொல்வார்கள், தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். உறுமல் போகலாம், ஆனால் ஒழுக்கு மின் வந்தால் யாராவது தொடும்வரை ட்ரிப் சுவிட்ச் விழாது.


பரந்தன் சந்தி எழுதியது:

ரீச்சர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. “சவுண்ட் சரியில்லை” என்று என்னிடம் கொண்டுவரப்படும் கணினிகளில் கோடெக் உண்மையாகவே பழுதானதை மிக அரிதாகத்தான் கண்டிருக்கிறேன்.

இன்னொரு வகை இரைச்சலும் உண்டு. மவுஸை அசைக்கும்போதோ பக்கத்தை உருட்டும்போதோ “கீச்” என்று கேட்டால் அது எர்த் அல்ல, கணினிக்குள்ளேயே பிறப்பது. பெட்டியின் முன்பக்கத் துளைக்குப் போகும் மெல்லிய வயர், மதர்போட்டின் கீழ் மூலையிலிருந்து வீடியோ காட்டின் அடியால் ஊர்ந்து போகும். போகிற வழியில் உள்ள இரைச்சலையெல்லாம் அது பொறுக்கிக்கொண்டு போகும். பதிவுக்குப் பின்பக்கத் துளையையே பயன்படுத்துங்கள். யூ.எஸ்.பி. இன்டர்பேஸின் நன்மையும் இதில்தான் இருக்கிறது, எண்ணாக மாற்றும் வேலை பெட்டிக்கு வெளியே நடந்துவிடுகிறது.

கனகராயன்குளத்துத் தம்பி சொன்ன ஏ.எம். 5 யோசனை நியாயமானது. ஆனால் இங்கே கணினி வாங்கியவர்களில் நான்கு வருடம் கழித்துப் புரொசஸரை மட்டும் மாற்றியவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால் ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடும். 12400 இல் ஆறு கோர்கள் இருக்கின்றன. மகனின் படிப்புக்கும் ஓரளவு வீடியோத் தொகுப்புக்கும் அது நீண்ட காலம் ஈடுகொடுக்கும். விலைப்பட்டியலில் 12400 இன் பின்னால் “எஃப்” என்ற எழுத்து இல்லை என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இருந்தால் திரைக்குத் தனி வீடியோ காட் வாங்க வேண்டி வரும்.

13, 14 ஆம் தலைமுறைப் புரொசஸரைப் பிறகு எச் 610 இல் போட நினைத்தால் முதலில் பயோஸை (மதர்போட்டின் அடிப்படை மென்பொருளை) புதுப்பிக்க வேண்டியிருக்கலாம். மாரி மழையில் மின்சாரம் போய்வரும் நாட்களில் யூ.பி.எஸ். இல்லாமல் அந்த வேலையைத் தொடாதீர்கள், பாதியில் நின்றால் மதர்போட் எழும்பாது. ஒலிப்பதிவுக்கும் யூ.பி.எஸ். தேவைதான், அண்ணாவியாரை ஒரு வரியை இரண்டு முறை பாடச் சொல்வது அவ்வளவு நல்லதல்ல.


முள்ளியவளையான் எழுதியது:

ஐயாவுக்கும் அக்காவுக்கும் தம்பிக்கும் மிகுந்த நன்றி. கடைக்குப் போய் இரண்டு மதர்போட்டுகளையும் பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டும்படி கேட்டேன். பி 760 இல் பின்பக்கம் இரண்டு துளைகளே இருந்தன, நீலம் இல்லை. மலிவான எச் 610 இல் நீலம் இருந்தது. கடைக்காரரே ஆச்சரியப்பட்டார். எச் 610 ஐயும் இரண்டு மைக் இணைக்கும் ஒரு இன்டர்பேஸையும் வாங்கிவிட்டேன்.

அக்கா சொன்ன பற்றறிச் சோதனையையும் செய்தேன். எங்கள் வீட்டில் எர்த் நன்றாக இருக்கிறது. ஆனால் முதற் கசெற்றை ஏற்றியபோது வேறு சிக்கல் வந்தது. குரல் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் மங்கலாக இருக்கிறது. டைனமோவில் பதிந்தவற்றில் பாட்டு சில இடங்களில் ஏறியும் சில இடங்களில் இறங்கியும் போகிறது. இதற்கு ஏதாவது செய்ய முடியுமா?


பரந்தன் சந்தி எழுதியது:

மங்கலுக்கு மருந்து கணினியில் இல்லை, பிளேயரில் இருக்கிறது. முதலில் நாடாவைப் படிக்கும் ஹெட்டை ஐசோபுரொபைல் அல்கஹோல் தொட்ட பஞ்சால் துடையுங்கள். பிறகு ஹெட்டின் பக்கத்தில், கீழே சிறிய சுருள்வில் உள்ள திருகாணி ஒன்று இருக்கும். அது ஹெட்டின் சாய்வைத் தீர்மானிப்பது. முதலில் நின்ற இடத்தைப் பேனாவால் அடையாளம் செய்துவிட்டு, பாட்டு ஓடும்போதே கால் சுற்றுக்கும் குறைவாக அங்குமிங்கும் திருப்பிப் பாருங்கள். சல்லரியின் ஓசை எந்த இடத்தில் மிகக் கூர்மையாகக் கேட்கிறதோ அங்கே நிறுத்துங்கள். வெவ்வேறு றெக்கோடரில் பதிந்த கசெற்றுகளுக்கு வெவ்வேறு சாய்வு என்பதால், ஒவ்வொரு கசெற்றுக்கும் இதைச் செய்ய வேண்டும். பொறுமை வேண்டிய வேலை.

ஏற்ற இறக்கத்துக்கு மென்பொருளில் வேகத்தைத் திருத்தலாம், ஆனால் சரியான வேகம் எது என்று தெரிய ஓர் அளவுகோல் வேண்டும். வழக்கமாகப் பழைய பதிவுகளில் பின்னணியில் கிடக்கும் 50 ஹேட்ஸ் உறுமலையே அளவுகோலாக எடுப்பார்கள். உங்கள் டைனமோக் கசெற்றுகள் மின்சாரம் இல்லாத காலத்தவை, அந்த உறுமல் அவற்றில் இருக்காது. அப்போது அடித்த சல்லரி இன்னும் யாரிடமாவது இருக்கிறதா என்று விசாரியுங்கள். வெண்கலத்தின் ஓசை முப்பது வருடத்தில் பெரிதாக மாறாது. அதை இப்போது பதிந்து, கசெற்றில் உள்ள சல்லரி ஓசையோடு ஒத்துவரும்வரை வேகத்தைத் திருத்தினால் பாட்டும் தன் சுருதிக்கு வந்துவிடும்.


முள்ளியவளையான் எழுதியது:

விசாரித்தேன் ஐயா. அதே சல்லரி அண்ணாவியார் வீட்டிலேயே, ஒரு துண்டுச் சீலையில் சுற்றிய நிலையில் இருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை இன்டர்பேஸில் முதலாவதாக அதைத்தான் பதியப்போகிறேன்.